சத்து போன இடம்

“யாருக்கும் தெரியாம என்னப்பா தின்னீங்க?”

மகள் இப்படிக் கேட்டபோது கார்டின் வாயில் பல்செட்கூட இல்லை. மத்தியானத் தூக்கத்திலிருந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பு முழுக்க அவருக்கு அதுதான் பெயர். சிறுநீரகம் பழுதான நாளிலிருந்து பச்சைக் கொடி, சிவப்புக் கொடி இரண்டுமே மனைவியின் கைக்குப் போய்விட்டன. எது தட்டுக்கு வரலாம், எது வரக்கூடாது என்பதெல்லாம் அவள் தீர்ப்புதான்.

ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து போன் வந்திருந்தது. காலையில் வீட்டுக்கு வந்து எடுத்துப்போன ரத்தத்தில் பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறியிருக்கிறதாம். எந்த நிமிடமும் இதயம் தாளம் தப்பலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார்களாம். அதற்கு மேல் கேட்க மகளுக்குப் பொறுமை இல்லை. போனை வைத்துவிட்டுக் கார் சாவியைத் தேடினாள்.

“வாழைப்பழமா?”

“அதோட மூஞ்சியே மறந்துபோச்சும்மா எனக்கு.”

சமையலறையிலிருந்து மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சில நாட்களாகவே கால் கல்லாகக் கனக்கிறது என்று மாடிப்படியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“காலையில ஊசியைப் பாத்து அந்தக் கத்து கத்தினப்பவே நினைச்சேன், மடியில கனம் இருக்குன்னு. நானும்தான் கையை நீட்டினேன், மூச்சு விட்டேனா?”

கார்டு பல்செட்டை எடுத்து மாட்டினார். சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் தினமும் சாப்பாட்டு வேளையில் சொல்லிவிடுவார்.

உருளைக்கிழங்கோ கீரையோ, எதுவானாலும் அவருக்குப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்த பிறகுதான் தட்டுக்கு வரும். பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்த வழி. ஒருநாள்கூட அவள் அதில் பிசகியதில்லை.

“சத்தையெல்லாம் சாக்கடைக்குக் குடுத்துட்டு எனக்குச் சக்கையைப் போடறா” என்பார் அவர்.

“அது போற எடத்துக்குப் போகுது. நீங்க சாப்பிடுங்க” என்பாள் அவள்.

காரில் பாதி வழியிலேயே கார்டு உடைந்துவிட்டார்.

“எதிர்வீட்டுக்காரர் முந்திரி குடுத்தார். ரெண்டே ரெண்டு. அதுவும் போன வாரம்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். “என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடணும்னே முடிவு பண்ணிட்டீங்களா?”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அது சில்லென்று இருந்தது. பயத்தினால் என்று நினைத்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அவர் சட்டையைக் கழற்றி மார்பெங்கும் ஒயர்களை ஒட்டினார்கள். இயந்திரத்திலிருந்து காகிதம் வந்தது. டாக்டர் அதை ஒரு முறை பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

“இதயம் நல்லாத்தானே ஓடுது” என்றார்.

மகளிடம் நம்பரை வாங்கி அவரே பரிசோதனை நிலையத்துக்குப் பேசினார். “ரிப்போர்ட்ல யார் பேரு இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே கட்டிலைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை கட்டிலைத் தாண்டி, பக்கத்து நாற்காலிக்குப் போனது.

அங்கே மனைவி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்க எந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது நர்ஸ் அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திக்கொண்டிருந்தாள். கார்டு இறங்கிய கட்டில். விரிப்பில் அவர் சூடு இன்னும் ஆறவில்லை. அவர் மார்பிலிருந்து பிடுங்கிய ஒயர்கள் அவளுக்குப் போயின.

இந்த முறை காகிதம் வந்ததும் டாக்டர் வெளிச்சத்தைத் தேடவில்லை. நர்ஸிடம் ஊசி மருந்தின் பெயரை மட்டும் சொன்னார். நர்ஸ் ஓடினாள்.

“எனக்கு என்னங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்?” என்றாள் அவள், கார்டைப் பார்த்து.

மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயதானால் சிறுநீரகம் சொல்லாமல் கொள்ளாமல் தளர்ந்துவிடும் என்றார். அவள் சாப்பிடும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் உடம்பிலேயே நிறுத்திவைக்கும் என்றார். “ஆனா இவ்வளவு ஏறாதேம்மா. தினமும் என்ன சாப்பிடறீங்க?”

“இவருக்கு ஆக்கறதுதான் எனக்கும்.”

“வேற?”

அவள் திருடி மாட்டிக்கொண்டவள் போலக் கண்ணை மட்டும் பையின் பக்கம் திருப்பினாள்.

கார்டு பையைத் திறந்தார். அவருடைய மாற்றுச்சட்டை. அவருடைய துண்டு. அவருடைய மாத்திரை டப்பா. அடியில், அவருடையது அல்லாத ஒரு சின்ன ஃபிளாஸ்க்.

மூடியைத் திருகினார். மிளகுத்தூள் வாசனையோடு ஆவி வந்தது. உள்ளே வெளிர் பச்சையாகத் தண்ணீர். ஃபிளாஸ்க்கைச் சாய்த்தபோது அடியில் உருளைக்கிழங்கு மாவு கலங்கி மேலே வந்தது.

“தினமுமா?” என்றார்.

“சாக்கடைக்குப் போகுதேன்னு நீங்கதானேங்க அவ்வளவு அடிச்சுக்கிட்டீங்க” என்றாள் அவள்.