நடு அடுக்கு

கார்பன் இழைத் துணியை அடுக்கடுக்காகப் பிசினில் ஒட்டி, அடுப்பில் வைத்துப் பலகையாக்குவோம். எந்தப் பாரத்தில் எந்த அடுக்கு பிரியும் என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. வெறுங்கை பட்ட இடம் சரியாக ஒட்டாது. என் பலகை பாதிப் பாரத்திலேயே நடு அடுக்கில் பிளந்தது. உள்ளே ஒரு பெருவிரல் ரேகை, குறுக்கே தையல் போட்ட தழும்பு.

"கையுறை போட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார் பேராசிரியர். "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் விரல்ல தழும்பே இல்ல சார், பாருங்க" என்று கையை நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

கையுறைக்கு மேல் கையுறை போட்டு மறுபடி செய்தேன். அதே அடுக்கு, அதே ரேகை.

போன வருடம் இந்த மேசையில் ஆராய்ச்சி செய்த சீனியர் அக்காவையும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் விரட்டினார். "சத்தியமா போட்டேன் சார்" என்று அழுதாள். துணி வெட்டும் கத்தி பட்டு அவள் பெருவிரலில் தையல் போட்டிருந்தது. அடுத்த மாதமே அவளைச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்தோம்.

"நீங்களே செஞ்சு காட்டுங்க சார்" என்றேன்.

வீம்புக்குச் செய்தார். ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை. பலகையை நாங்கள் எல்லாரும் பார்க்க இயந்திரத்தில் ஏற்றினார். பிளந்தது. இந்த முறை முழு உள்ளங்கை, ஐந்து விரலும் விரிந்திருந்தன. பெருவிரலில் அதே தழும்பு.

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் விடவில்லை.

"கையுறை போட்டீங்களா சார்?"