இலந்தைக்கு மாட்டிய கவ்வி

செம்மணல் தேரிக்காட்டில் ஒவ்வொரு இலந்தைத் தண்டிலும் அதன் நாடி பார்த்துச் சேதி அனுப்பும் ஒரு கவ்வி உண்டு. ஆடு கடித்தால் காவல்காரன் செல்வினின் கைப்பட்டை பேசிவிடும்: “இலை போயிற்று. வேரின் சேமிப்பை எடுத்துத் தளிர்க்கிறது.” சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவான். மனைவி ஜெபமலர் காய்ச்சலில் கிடப்பது அவனுக்குத் தெரியாது.

இன்று அவளே போய், அவன் தினமும் தடவிக்கொடுக்கும் இலந்தையை, முள் கையைக் கிழிக்க, மொட்டையாக உருவிவிட்டாள். அவன் மூச்சிரைக்க வந்தான்.

“ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? வாயில்லாச் செடிட்டி!”

“எனக்கு வாய் இருக்குல்லா. அதான் அவ சத்தம் மட்டும் ஒங்களுக்குக் கேக்கு.”

அவன் தண்ணீர்க்குடம் எடுக்கத் திரும்பியதும், கவ்வியைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

அவன் கைப்பட்டை பேசியது: “சேமிப்பு தீர்ந்துவிட்டது. இனித் தளிர்க்காது.”

செல்வின் பதறி ஓடிவந்து, அவளைத் தாண்டி, குடத்தை இலந்தையின் வேரில் கவிழ்த்தான்.