திருத்திய முகங்கள்

தூத்துக்குடியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஜெசிந்தா டீச்சருக்கு அன்று, பள்ளியில் இருந்தபடி கணினியில் பாடம் நடத்தும் பயிற்சியின் கடைசி நாள். பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே திரையில் பாடம் கேட்டார்கள். எல்லா முகமும் மலர்ந்திருந்தது.

"ரெமிலாவைப் பாருங்க, எப்படிச் சிரிச்சிக்கிட்டே கவனிக்கா!" என்று மெச்சினாள்.

பக்கத்திலிருந்த பயிற்சியாளன் முருகவேள், "முகத்தைத் திருத்துற பட்டன் இதுதான் மிஸ். எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்" என்றான்.

எதைத் திருத்துகிறது என்று பார்க்க அவள் அதை அணைத்தாள்.

ரெமிலா மேசையில் கன்னம் பதித்துக் கிடந்தாள். வாயோரம் வழிந்த வாந்தியில் ஈ மொய்த்தது. "டீச்சர்..." என்று முனகினாள்.

"ஐயோ, போடுங்க மிஸ்! பெத்தவங்க ஆபீஸ்ல இருந்து பாக்காங்க!" முருகவேள் பாய்ந்து பட்டனை அழுத்தினான். ரெமிலா மறுபடி சிரித்தாள்.

ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இந்தச் சிரிப்பையா இத்தனை நாள் பாராட்டினோம்?

"சீ! நீயெல்லாம் மனுசனாலே?" என்று கத்திவிட்டு, அடுத்த தெருவிலிருந்த ரெமிலா வீட்டுக்கு ஓடினாள்.

முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தபோது, "சபாஷ் ரெமிலா!" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்தாள். மேசைத் திரையில் ஜெசிந்தாவின் முகமே மலர்ந்து சிரித்தபடி பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா அந்த முகத்தின் மேல் காறித் துப்பினாள்.