ஜனக்புரி வளைவில் ஒரு ஹார்ன்

“ஜனக்புரி வளைவு வந்ததும் நீளமா ஒரு ஹார்ன் அடிச்சிடு ஜோதி. கட்டடத்து மேல சித்தாளுங்க நிப்பாங்க. எவ கையக் காட்டுறாளோ அவதான் வீராயி.”

ஜோதிலிங்கம் லாரிக் கதவைப் பிடித்தபடி காத்தவராயனை ஏற இறங்கப் பார்த்தான்.

“உன் பொண்டாட்டிக்கு நான் எதுக்குடா ஹார்ன் அடிக்கணும்?”

“நான்தான் ஓட்டிக்கிட்டுப் போறேன்னு நெனச்சிக்குவா.”

“கட்டினவளையே ஏமாத்துற. நல்லாருக்காடா இது?”

காத்தவராயன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிடங்குக்குள் போய்விட்டான்.

டில்லியில் ஏஷியாட் விளையாட்டு முடிந்த மறு வருஷம் அது. டிரைவர் கிடைக்காமல் திண்டாடிய லாரி கம்பெனி, தன்னிடம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களிலேயே சிலரைப் பொறுக்கியெடுத்தது. பயிற்சி, சாப்பாடு, காக்கி உடுப்பு, லைசென்ஸ் எல்லாம் கம்பெனி செலவு. பதிலுக்குச் சில வருஷம் வேறு கம்பெனிக்கு ஓடக்கூடாது. அவ்வளவுதான்.

தன் பேர் இருப்பது தெரிந்த அன்று காத்தவராயன் வீட்டுக்கு நடந்தா வந்தான்? மிதந்து வந்தான்.

வீராயி அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்தக் கையா மாமா லாரி ஓட்டப் போவுது?”

முதல் நாள் மைதானத்தில் ஒரே ஒரு சுற்று. பக்கத்தில் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் உஸ்தாத் பிரீதம் சிங். இன்ஜின் உறுமியதும் பனிமூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது போலிருந்தது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் டில்லியே வேறு ஊராகத் தெரிந்தது.

மறுநாள் கண் டாக்டர் ஒரு அட்டையை நீட்டினார். “இதுல என்ன நம்பர்?”

“நம்பர் எங்க சார்? வெறும் புள்ளியால்ல இருக்குது.”

சிவப்பும் பச்சையும் தன் கண்ணுக்கு ஒன்றுதான் என்று காத்தவராயனுக்கே அன்றுதான் தெரிந்தது. உஸ்தாத் தோளைத் தட்டி, “கோயீ பாத் நஹீ பேட்டா” என்று தேற்றினார். அவன் காக்கிச் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி மூட்டை தூக்கப் போனான்.

சாயங்காலம் வீராயி ஆசையோடு கேட்டாள். “இன்னிக்கி எதுவரைக்கும் ஓட்டின மாமா?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். “திலக் நகர் வரைக்கும்” என்று வந்துவிட்டது.

“அப்ப ஜனக்புரிக்கும் வருவியா? எங்க கட்டடத்தத் தாண்டித்தானே ரோடு போவுது!”

அதற்குத்தான், பயிற்சி வண்டியை அந்த வழியாக ஓட்டிப்போகும் ஜோதிலிங்கத்திடம் அந்தக் கெஞ்சல்.

முணுமுணுத்தாலும் ஜோதிலிங்கம் ஹார்ன் அடித்தான். சாயங்காலம் வந்து சொன்னான். “ஏன்டா, உன் பொண்டாட்டி முக்காட்ட அவுத்துக் கொடி மாதிரி வீசுது. பாவம்டா அது. இந்தப் பாவத்துல என்னையும் சேத்துட்டியே!”

காத்தவராயனுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

அப்புறம் தினமும் ஹார்ன். தினமும் முக்காடு. தினமும் ஜோதிலிங்கம் வந்து சொல்வான். இவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான்.

வீராயி ரொட்டி தட்டிக்கொண்டே கதை கேட்பாள். லைசென்ஸ் வந்ததும் போகப்போகிற தூரத்து ஊர்களை, மற்ற டிரைவர்கள் சொல்லக் கேட்டபடி, இவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மதுரா தாண்டியதும் இரண்டு பக்கமும் மஞ்சளாய்க் கடுகு வயல். சம்பல் பாலத்தில் ஏறினால் வண்டி பறப்பது போலிருக்கும். கீழே ஆறு கம்பியாய் மினுங்கும். சொல்லும்போதே அவன் கைகள் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பும். ஒரு வளைவில் வீராயியும் கூடவே சாய்வாள்.

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தால் கையில் ஸ்டியரிங் இருக்காது.

ஒருநாள் ஜோதிலிங்கம் இனிப்போடு வந்தான்.

“பயிற்சி முடிஞ்சு லைசென்ஸ் கெடச்சிடுச்சுடா. நாளையிலருந்து பம்பாய் லைன். ஜனக்புரி பக்கம் இனிமே நம்ம வண்டி எதுவும் போகாது. இன்னிக்காவது போய் அதுகிட்ட உண்மையச் சொல்லிடு.”

அன்று காத்தவராயன் வீட்டுக்கு வெகு மெதுவாக நடந்தான். வீராயி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். வாங்கியவன் குடிக்கவில்லை.

“வீராயி, நான் லாரி ஓட்டல. கண்ணுல கொற இருக்குதுன்னு ரெண்டாம் நாளே அனுப்பிட்டாங்க. மூட்டதான் தூக்கறேன். இத்தன நாளும் உன்னை ஏமாத்திட்டேன்.”

அவள் கத்துவாள், அழுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

“தெரியும் மாமா.”

திடுக்கிட்டு நிமிர்ந்தான். “தெரியுமா? யாரு, ஜோதி சொன்னானா?”

“அந்த அண்ணன் ஒண்ணும் சொல்லல. மொத வாரமே, நீ வண்டி ஓட்டுறதப் பாக்கணும்னு ஆச வந்து, மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டு உங்க கம்பெனி கேட் வரைக்கும் வந்தேன். முதுகுல மூட்டையோட போயிக்கிட்டிருந்த. அந்த அண்ணன் லாரியவிட்டு எறங்கி வந்து உன்கிட்ட என்னவோ சொல்லிச்சு, நீ சிரிச்ச. பேசாமத் திரும்பிட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ கூனிப்போயிடுவ.”

“ஓட்டறது நானில்லன்னு தெரிஞ்சுமா தெனமும் முக்காட்ட அவுத்து வீசின? எதுக்குடி?”

வீராயி அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

“நான் வீசலேன்னா, அந்த அண்ணன் சாயங்காலம் வந்து உன்கிட்ட என்னத்தச் சொல்லும்? நீ எதக் கேட்டுச் சிரிச்சிக்கிட்டு வீட்டுக்கு வருவ?”