கடைசி மடக்கு

வேதக்கோயிலின் பின்சுவரைப் பிடித்துக்கொண்டு தேவகிருபை ஓங்கரித்தாள். ஓங்கரிப்பு இருமலாகி அடங்கியதும் கைக்குட்டையால் வாயைத் துடைத்தாள். அதைப் பார்க்காமலே நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உள்ளே திருவிருந்து இன்னும் முடியவில்லை. பீடத்தின் முன் முழங்கால் போட்டிருந்த வரிசையில், எல்லோரும் குடிக்கும் திராட்சரசப் பாத்திரத்தில் தனக்கு முன்னால் வாய் வைத்தவள் யாரென்று பார்த்ததும் எழுந்து ஓடி வந்திருந்தாள்.

அது முத்தம்மா. 1951-ல் ராயபுரத்தில் கோயிலிருந்த தெரு முழுக்க எடுப்புக் கக்கூஸ்தான். வாளிகளை அள்ளிக் கொட்டுகிறவள் அவள். தேவகிருபை வீட்டுக்கும் அவள்தான். போன மாதம் ஞானஸ்நானம் கொடுத்து ரூத் என்று பெயர் வைத்தார்கள். ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை.

ஆராதனை முடிந்ததும் தேவகிருபை குருவானவரை மறித்தாள். கருப்பட்டி மண்டி ஆசீர்வாதத்தின் மனைவி அவள். கோயில் மணியே அந்தக் குடும்பம் வாங்கிக் கொடுத்ததுதான்.

“ஐயா, காலையில எங்க வீட்டு வாளிய எடுத்துட்டுப் போனவ. நகத்துல இன்னும் ஒட்டியிருக்கும். அவ எச்சில் பட்ட பாத்திரத்துல நான் எப்படி வாய் வைக்கது?”

“அது ஆண்டவரோட பந்திம்மா. ஆள் பொறுக்க நாம யாரு?”

“வைகாசியில என் மகளுக்குக் கலியாணம். தூத்துக்குடியிலேர்ந்து மாப்பிள்ளை வீட்டாரு வாராவ. அவுகளும் இவ எச்சியக் குடிக்கணுமா? இவளக் கடைசியில வரச் சொல்லுங்க. இல்லன்னா நாங்க வேற கோயிலப் பார்த்துக்கிடுதோம்.”

குருவானவர் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போனார். ஒதுங்கி நின்ற முத்தம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“கடேசியாவே வர்றேன் சாமி. ஆனா அந்தம்மாவும் கடேசியா வரட்டும். அவங்க குடிச்சப்புறம் எனக்குக் குடு. நடுவுல யாரும் வாணாம்.”

குருவானவரின் பின்னாலேயே வந்திருந்த தேவகிருபை அதைக் கேட்டாள். “கொழுப்பப் பாத்தீங்களா ஐயா! எனக்குச் சமமா உரசிக்கிட்டு உக்காரணுமாம்!” என்றாள். எப்படியும் பாத்திரம் தனக்குத்தான் முதலில் வரும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. மற்ற எல்லோரும் வாங்கித் திரும்பிய பிறகு இருவரும் முழங்காலிட்டார்கள். முத்தம்மா குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருந்தாள். ஆனாலும் தேவகிருபையின் மூக்கில் வாளி நாற்றம்தான் அடித்தது. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி ஒரு மிடறு குடித்தாள்.

அடுத்து முத்தம்மா. இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று அடிவரை குடித்தாள். விளிம்பை முந்தானையால் சுற்றித் துடைத்தாள். வழக்கப்படி கடைசியில் மிச்சத்தைப் பருக வேண்டிய குருவானவருக்கு ஒரு சொட்டு இல்லை.

வெளியே வந்ததும் தேவகிருபை பாய்ந்தாள்.

“சாராயம்னு நெனச்சியா? ஐயாவுக்குக்கூட வைக்காம நக்கிட்டியே, த்தூ! இந்த அசிங்கத்தப் பண்ணத்தான் என் பக்கத்துல எடம் கேட்டியா?”

முத்தம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. ஓர் அடி நெருங்கி வந்தாள். தேவகிருபை முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

“நாலு மாசமா உன் வூட்டு வாளியில, சாம்பலுக்கு அடியில, ரத்தச் சளி கீதும்மா. நீ இருமுறதும் கேக்குது. என் புருசனும் அப்டி துப்பித்தான் செத்தான்.”

தேவகிருபையின் கை இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைப் பொத்தியது.

“பொண்ணு கண்ணாலம் நின்னுடும்னு நான் யாராண்டயும் மூச்சு வுடல” என்றாள் முத்தம்மா. “உன் எச்சிய வேற யாரும் குடிக்க வாணாம்னுதான், நானே குடிச்சேன்.”