பேர் ஏறாத கட்டை

நூல் சட்டென்று விறைத்தது. தூண்டில் கம்பு வளைந்து படகின் விளிம்பைத் தொட்டது. மீன் இல்லை, கட்டைதான் என்று டுவேனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"இழுக்காதீங்க அத்தான்," என்று எழுந்தான். அதற்குள் ஆர்லன் கம்பை இரண்டு தரம் வெட்டி இழுத்துவிட்டார்.

மாட்டினால் இழுக்கக் கூடாது என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்த மனுஷன் இவர். காட்டை வெட்டிவிட்டு அணை கட்டித் தேக்கிய ஏரி அது. தண்ணீருக்கடியில் எங்கே பார்த்தாலும் அடிமரங்கள். மோட்டாரை மெதுவாக விட்டு, முள் வைத்த பொய்மீனைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் வருஷத்துக்கு ஐந்தாறையாவது பறிகொடுப்பார்கள்.

பறிகொடுத்தவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம், மீன் வறுவல் போடும் மதுக்கடைக்குப் போய், வாசலில் நட்டிருக்கும் கட்டையில் தன் பேரைச் செதுக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக ஆர்லன் பேர் மட்டும் அதில் ஏறியதில்லை.

மார்லிஸ் அக்கா இருந்தவரை இதைச் சொல்லியே புருஷனைக் கிண்டலடிப்பாள். "இந்த ஏரிகிட்ட எத்தனை மீன் வாங்கியிருப்பீங்க. பதிலுக்கு ஒரு பொய்மீனாவது கொடுத்திருக்கீங்களா, கஞ்சப்பிசினாரி."

அக்கா போய் நான்கு மாதம் ஆகிறது. சொந்தமெல்லாம் வரட்டும் என்று அவளைத் தகனம் பண்ணிய சாம்பல் ஜாடியை அடக்கம் பண்ணாமல் வைத்திருந்தார்கள். நாளைக் காலை தேவாலயத் தோட்டத்தில், அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம். இடம் பார்த்தது, கல்லுக்குச் சொன்னது எல்லாம் தம்பி டுவேன்தான். ஆர்லன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்புறம் "உன் இஷ்டம் மச்சான்" என்று விட்டுவிட்டார்.

இரண்டு பேருக்கும் அழுகை வந்த பாடில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி, உள்ளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது.

இனி ஏரிப் பக்கமே வரப்போவதில்லை என்று ஆர்லன் சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசித் தடவை. இன்றைக்குப் போய் அவர் பேர் கெட்டுவிடக் கூடாது. அக்காவுக்காகத் தன்னால் செய்ய முடிந்தது இனி இது ஒன்றுதான் என்று டுவேனுக்குப் பட்டது.

"கொடுங்க இப்படி." கம்பை வாங்கி நூலைத் தளர்த்தினான். கொஞ்ச நேரத்தில் பொய்மீன் தானாகக் கழன்று மேலே மிதந்தது.

ஆர்லனே செதுக்கிய பொய்மீன். அக்காவின் சமையலறைச் சுவர் மாதிரி வெளிர் மஞ்சள் பூசியிருந்தார். முன்முள் அப்படியே இருந்தது.

"என்ன அத்தான், கட்டைக்குள்ள வந்தா மாட்டாம இருக்க முன்முள்ளைக் கழட்டிடுவீங்களே?"

"இருக்கட்டும்."

டுவேன் அதைக் காதருகே ஆட்டிப் பார்த்தான். உள்ளே ஈயமணிகள் கிலுகிலுக்க வேண்டும். மணல் மாதிரி என்னவோ சரசரத்தது.

"மணி போடலியா? மஞ்சள் வேற. இதுக்கு எந்த மீன் வரும்?"

"வராது," என்றார் ஆர்லன்.

படகை அவர் கிழக்கு வளைவுக்குத் திருப்பினார். கோடைக்காலமெல்லாம் அக்கா குடுவையில் காபி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடம். கட்டைகள் அங்கேதான் ரொம்ப நெருக்கம். நூலை வேறு ஏகத்துக்கு நீளமாக விட்டார். விட்ட கையோடு மாட்டிக்கொண்டது.

டுவேன் மோட்டாரைப் பிடித்தான். கட்டையைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்கம் நின்று நூலைச் சுண்டினான். "போன வழியிலேயே திரும்ப இழுத்தா விட்டுடும்னு நீங்கதானே சொல்வீங்க." விட்டுவிட்டது.

ஆர்லன் கையை நீட்டினார். பொய்மீனை வாங்கி அதே இடத்தில் மறுபடி இறக்கினார். மறுபடி மாட்டியது. இந்தத் தரம் பையிலிருந்து கத்தியை எடுத்தார்.

டுவேன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "முப்பத்தொரு வருஷம் அத்தான். பேரு ஏறிடும்."

"ஏறட்டும்."

"அக்கா இருந்தா சிரிப்பா."

"சிரிக்கட்டும்."

மனுஷன் இப்படி உடைஞ்சு போயிட்டாரே என்று டுவேன் நினைத்தான். பெட்டியைக் குடைந்து, சங்கிலி கோத்த ஈயக்குண்டை எடுத்து நூலில் மாட்டி இறக்கினான். குண்டு அடியாழத்தில் போய்ப் பொய்மீனின் மூக்கில் நச்சென்று இடித்தது. தூக்கித் தூக்கி இடித்தான்.

"மெதுவா இடி," என்றார் ஆர்லன்.

"மரக்கட்டைக்கு வலிக்கவா போகுது?"

கால் மணி நேரம் ஆனது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தபோது, சங்கிலியில் சிக்கி மஞ்சள் மேலே வந்தது. டுவேன் நான்கு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தான். சட்டை நுனியால் துடைத்து நீட்டினான்.

"யானைக்கும் அடி சறுக்கும் அத்தான். நான் எதுக்கு இருக்கேன்? உங்க பேரு பிழைச்சுது."

ஆர்லன் கத்தியை மடக்கினார். பொய்மீனை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு தடவை விட்டேன். மூணு தடவையும் எடுத்துட்டியே."

"எதுக்கு விடணும்? அப்படி என்ன வேண்டாத பொருளா இது?"

ஆர்லன் நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள இருக்கறது உங்க அக்கா, மச்சான்."