எழுந்திருக்காத நாற்பது பேர்

“மனுஷன மனுஷனாக்குதது கலை ஒண்ணுதான் சார். இந்தக் கொட்டகையில லாபம்ங்கிற பேச்சுக்கே எடம் கெடையாது” என்றார் வக்கீல் நயினார்.

அது உண்மைதான். குற்றாலத்தில் தகரக் கொட்டகை போட்டு அவர் கலா சேவா மன்றம் தொடங்கிய இரண்டு வருஷத்தில், லாபம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர் சப் மாஜிஸ்திரேட் பால்வண்ணநாதன். கொட்டகையின் லைசென்ஸ் அந்த மாதத்தோடு முடிகிறது. அதே இடத்தைச் சோடாக் கம்பெனி ஒன்றும் கேட்டிருந்தது. நேரில் பார்த்து முடிவு செய்ய, மனைவி பார்வதியம்மாளோடு சாரலில் நனைந்து வந்திருந்தார்.

“சோடாவாவது தாகத்துக்கு ஆகும். உங்க பிரெஞ்சுக்காரன் படத்தை இங்கே யார் ஓய் பார்க்கிறது?”

“நாப்பது பேரு சார். எல்லாம் கடையம், சுந்தரபாண்டியபுரத்துச் சம்சாரிக. அருவியில குளிச்சிட்டு நேரா இங்கனதான் வருதாக. வாசல்ல ஒரே கேள்விதான் கேப்பாக, படம் எம்புட்டு நேரம் ஓடும்னு. ஒரு மணி நேரம்னா திரும்பிப் போயிருவாக. மூணு மணி நேரம்னாத்தான் உள்ள வருவாக. அம்புட்டுப் பசி சார், கலைப்பசி.”

“நடுவில் எழுந்து போகிறவர்கள்?”

“ஒருத்தர் கெடையாது.”

“பார்க்கிறேன். பாதிப் பேராவது கடைசி வரை உட்கார்ந்திருந்தால் லைசென்ஸ். இல்லையென்றால் சோடா.”

பகல் இரண்டு மணிக்கு ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். பின்னால் இருந்த அறையில் ஆபரேட்டர் அய்யாக்குட்டி, படத்துக்கு மின்சாரம் தரும் இஞ்சினை முடுக்கினான். நயினார் திரைக்குப் பக்கத்தில் நின்று, கண்களை மூடிக்கொண்டு ஊமைப்படத்துக்கு விளக்கம் சொன்னார்.

முதல் இரண்டு ரீலில் ஒரு கிழவர் யோசித்தார். நான்காவது ரீலில் மெழுகுவர்த்தி அணைந்தது.

“இது விதி” என்றார் நயினார்.

ஏழாவது ரீலில் கிழவர் அதை மறுபடி ஏற்றினார்.

“இதுவும் விதி.”

மாஜிஸ்திரேட் இரண்டு தடவை தூங்கி விழித்தார். இரண்டு தடவையும் எதிரே நாற்பது தலைகள் அப்படியே இருந்தன.

“கோயில்லகூட இப்படி உக்காந்து நான் பாத்ததில்ல” என்றாள் பார்வதியம்மாள்.

படம் முடிந்ததும் மாஜிஸ்திரேட் நயினாரின் காதில், “லைசென்ஸ் உமக்குத்தான்” என்றார்.

நயினார் அதோடு விட்டிருக்கலாம். மாஜிஸ்திரேட்டைக் கௌரவிக்கவென்று, அந்தக் கொட்டகையில் அதுவரை போட்டிராத ராஜ வாழ்த்து இசைத்தட்டைத் துரைமார் பங்களா ஒன்றிலிருந்து இரவல் வாங்கி வைத்திருந்தார். திரையில் அரசரின் படம் விழுந்தது. கிராமபோன் பாடத் தொடங்கியது.

மாஜிஸ்திரேட் எழுந்தார். பார்வதியம்மாள் எழுந்தாள். வாசலில் கான்ஸ்டபிள் முகம்மது மீரான் விறைத்து நின்றார். நாற்பது பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

நயினார் இருட்டில் தட்டுத் தடுமாறி, முதல் பெஞ்சு ஓரத்தில் இருந்த கடையத்துச் செல்லச்சாமியிடம் குனிந்தார்.

“அண்ணாச்சி, எந்திரிங்க.”

“முடியாது வக்கீலய்யா.”

“ராஜாவுக்கு மரியாதை வே.”

“ராஜாவே நேர்ல வந்தாலும் எந்திரிக்க முடியாது. மொதல்ல அந்த அம்மாவ இங்கன இருந்து போகச் சொல்லுங்க. பெறவு பாப்போம்.”

மாஜிஸ்திரேட் இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார்.

“மீரான், ஜன்னலைத் திற.”

“தெறக்காதிய” என்று நாற்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன.

அது 1930ஆம் வருஷம். உப்புக் காய்ச்சி எதிர்க்கிறவர்களை மாஜிஸ்திரேட் பார்த்திருக்கிறார். உட்கார்ந்தபடியே எதிர்க்கிறவர்களை அன்றுதான் பார்த்தார். மனைவியை அழைத்துக்கொண்டு வெளியேறி, வாசலிலேயே லைசென்ஸை ரத்து செய்து எழுதினார். ‘அரெஸ்ட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் அய்யாக்குட்டி இஞ்சினை நிறுத்திவிட்டுச் செங்கோட்டைச் சாலையில் ஓடினான். மீரான் இஞ்சின் அறையை வெளிப்பக்கமாகப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்.

நாற்பது பேரும் அப்போதும் கலையவில்லை. அந்தி சாய்ந்து, சாலையில் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகே ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள்.

மறுநாள் காலை, தென்காசியில் நயினார் வீட்டு வாசலில் ஊரே மாலையோடு நின்றது. அப்போது அவர் மாஜிஸ்திரேட்டுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, கதர்ச் சட்டை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“உக்காந்த எடத்துலயே ஒரு சாம்ராஜ்யத்த எதுத்துட்டாங்க” என்றார். “ரெண்டு வருஷமா நான் ஊட்டின கலை அவங்களுக்கு அந்த நெஞ்சுரத்தக் குடுத்துச்சு. லைசென்ஸ் போனா போகட்டும்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் செல்லச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மனைவியின் பழஞ்சேலையை இரண்டாக மடித்து இடுப்பில் சுற்றியிருந்தார். நயினார் தம் கழுத்து மாலையை எடுத்து அவருக்குப் போட்டார்.

“வக்கீலய்யா, அந்த இஞ்சின் ரூம்பு முத்திரைய எப்பம் ஒடைப்பாக?”

“அடுத்த படத்துக்கு அவசரப்படுதியளா அண்ணாச்சி?”

“படம் கெடக்கட்டும்யா.”

சாரல் காலத்தில் குற்றாலத்தில் ஈரத்துணி காய்வதற்குச் சூடான இடம் அந்த இஞ்சின் அறை ஒன்றுதான். காய மூன்று மணி நேரம் பிடிக்கும். நாற்பது பேருடைய வேட்டிகளும் உள்ளே கொடியில் கிடந்தன.